கடலைத் தயிர் உறையாத கல்யாணம்

கண்ணுகளா,

போன ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன பிறகு நீங்கள் மூன்று பேரும் போட்ட சண்டை எனக்குக் கேட்டது. பெரியவள் அவரை மகான் என்றாள். நடுவுள்ளவன் கிறுக்கு என்றான். காப்பி டம்ளரை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர் எப்படி மகான் ஆவார் என்று சின்னவள் கேட்டாள். உங்கள் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "உங்கப்பாவைக் கேளுங்க, அவருக்குத்தான் பூராக் கதையும் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். வாயால் சொன்னால் நடுவில் நானே சிரித்துக் கெடுத்துவிடுவேன்.

நான் கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் லேத் மெஷினில் இரும்பு கடையும் கடைசல்காரனாகச் சேர்ந்தபோது அவர் அங்கே மேஸ்திரி. பட்டறைக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் நானும் என் தாயாரும் ஒன்றில் இருந்தோம். அடுத்த வீடு அவருடையது. அவரும் அவர் சம்சாரமும் மட்டும்தான். ஊரில் அவரைக் 'கடலைப்பால் மேஸ்திரி' என்பார்கள். கறி தின்னாதவர்கள் அந்தக் காலத்திலும் எத்தனையோ பேர் இருந்தார்கள், அது யாருக்கும் அதிசயமில்லை. இவர் பாலையும் விட்டவர். பால், தயிர், நெய், தேன், பட்டு, தோல் எதுவும் ஆகாது. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில்தான் அவர் வீட்டுக் காப்பி. சைக்கிளில் தோல் சீட்டைக் கழற்றிவிட்டுக் கோணிச்சாக்கைச் சுருட்டிக் கட்டியிருந்தார். மழை பெய்தால் அது ஊறிக்கொள்ளும். வேட்டியில் வட்டமாக ஈரத்தோடு பட்டறைக்குள் வருவார். யாரும் சிரிக்கத் துணிய மாட்டோம்.

ஏன் இப்படி ஆனீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே கதைதான் சொல்வார். அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் ஒரு மாட்டின் கன்று செத்துப்போனது. கன்று இல்லாவிட்டால் மாடு பாலை இறக்காது. அதனால் செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்துத் தைத்து, கறக்கும் நேரத்தில் மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும், பால் இறங்கும். வைக்கோல் கன்று என்று பெயர். நம் பக்கத்தில் அன்றைக்கு எல்லாத் தொழுவத்திலும் நடந்த காரியம் அது.

"எங்க மாடு நக்குன நக்குல தையல் பிரிஞ்சு வைக்கோல் வெளிய வந்துருச்சுங்க. வந்த பொறகும் நக்குச்சுங்க" என்பார். அவ்வளவுதான் சொல்வார். சந்தையில் வண்டி மேல் ஏறி நின்று அவர் இதைச் சொல்லும்போது கத்தரிக்காய் விற்பவர்கள்கூடக் கூவுவதை நிறுத்திவிடுவார்கள். நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், தெரியாது. ஒவ்வொரு தடவையும் கடைசி வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

அவர் பேச்சோடு நிற்கிறவர் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பாக்கு மூட்டையும் காய்கறியும் ஏற்றிவரும் வண்டிக்காரர்கள் தார்க்குச்சியின் நுனியில் ஆணி வைத்திருப்பார்கள். அதைக் கொண்டு மாட்டைக் குத்துவார்கள். மேஸ்திரி வேலை முடிந்ததும் ரோட்டுக்குப் போய் வண்டிகளோடு கூடவே நடப்பார். மாட்டைப் பற்றிப் பேச மாட்டார். மழை, விலைவாசி, வண்டிக்காரர் பெண்ணுக்கு வரன் என்று ஒரு மைல் பேசிக்கொண்டே போய், கடைசியில், "அந்த ஆணி எனக்கு வேணுமுங்க, தர்றீங்களா?" என்று கேட்பார். கொடுத்துவிடுவார்கள். அப்படி வாங்கிய ஆணிகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய அவரிடம் இருந்தன. நான் அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை.

பம்ப்செட் வாங்க வருகிற குடியானவர்களிடமும் அப்படித்தான். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கிற எருதுகள் பின்னால் பின்னால் நடந்து கழுத்துப் புண்ணாகும் கதையைச் சொல்வார். முதலாளிக்கு அவர் பேச்சில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மோட்டார் விற்றது. அதனால் பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

இதெல்லாம் பெரியவளுக்குப் பிடிக்கும். மகனே, இனி உன் பக்கம் வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள் பால் ஊற்றிப் பிழைத்தாள். ஒரே எருமை. புருஷன் படுத்த படுக்கை. ஒருநாள் காலையில் மேஸ்திரி அவளை நடுத்தெருவில் மறித்து, "கன்னுக்குட்டி சோத்தைத் திருடி விக்கறயே, ஒனக்கு ஒறக்கம் வருதா?" என்று கேட்டார். அவள் பால்செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டிக்காரர்களோடு ஒரு மைல் நடக்கத் தெரிந்த மனிதர், அவளோடு நாலு அடி நடக்கவில்லை. அவளிடம் பின்னால் மன்னிப்புக் கேட்டாரா என்றால், எனக்குத் தெரிந்து கேட்கவில்லை.

அவர் சம்சாரம் அதிகம் பேசாதவர். தினமும் சாயங்காலம் ஒரு சின்னக் கிண்ணத்தோடு எங்கள் பின்வாசலுக்கு வருவார். நாங்களும் ஒரு எருமை வைத்திருந்தோம். என் தாயார் ஒரு கரண்டி மோரை அதில் ஊற்றுவார். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவர் போய்விடுவார். "பாவம், அந்தப் பொம்பளைக்கும் நாக்கு இருக்குதல்ல? நீ பட்டறையில வாயத் தொறந்துபோடாதே" என்று தாயார் என்னிடம் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அதைக் குடிக்கிறார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

எனக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பெண் பார்த்து முடிவான மாதம், ஒரு சந்தைக் கூட்டத்தில் மேஸ்திரி வழக்கம்போல வைக்கோல் கன்றின் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "இத்தனை பேர்ல, என் ஊட்டு விசேசத்துல ஒரு சொட்டுப் பால் சேர்க்கமாட்டேன்னு சொல்ல ஒரு ஆள் இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. "என்ற கல்யாணத்துல சேர்க்கமாட்டனுங்க" என்று கத்திவிட்டேன். கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மேஸ்திரி என்னை வண்டி மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. பெண் வீட்டில் பன்னிரண்டு எருமை நிற்பது அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை.

வீட்டுக்குப் போய் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மேஸ்திரி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நோட்டீசு அடித்துவிட்டார். 'பாலில்லாத் திருமணம். கடலைத் தயிரில் விருந்து. மணமகன் கடலைத் தயிர் உண்டு வாக்கைக் காப்பார். அனைவரும் வருக' என்று, பெண் வீட்டு ஊர் பெயரோடு, மஞ்சள் தாளில்.

அந்தத் தாள் கோபியில் ஒரு கடையில் பொரி மடித்த தாளாகி, பெண்ணைப் பெற்ற உங்கள் அப்புச்சி கைக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த நாள் அவர் எங்கள் வாசலில் நின்றார்.

"ஏனுங்க மாப்ள, இது என்னங்க?"

"நோட்டீசுங்க."

"அது எனக்குந் தெரியுதுங்க. எங்கூட்டுக் கல்யாணத்துக்கு ஊரையெல்லாம் வரச்சொல்லி வேற யாரோ அடிச்சிருக்கறாங்களே, அதைக் கேட்டனுங்க."

நான் தலையைக் குனிந்தேன். அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை. நம் பக்கத்து மரியாதை குறையாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"தயிரில்லாம பந்தி வச்சா என்ற சொந்தக்காரங்க என்னங்க நெனப்பாங்க? எருமையெல்லாஞ் செத்துப்போச்சாட்ட இருக்குதுன்னு துக்கம் விசாரிக்க வந்துருவாங்க. பட்டும் ஆகாதாமுங்களே. பொண்ணு கோணிச்சாக்கைக் கட்டிக்கிட்டு உக்கோருமுங்களா?"

இதற்குள் மேஸ்திரி அடுத்த வீட்டிலிருந்து வந்துவிட்டார். கையில் ஒரு மண்சட்டி. அதில் அவர் வீட்டுக் கடலைத் தயிர். ஒரு கரண்டி எடுத்து உங்கள் அப்புச்சி கையில் வைத்தார். கட்டியாக நின்றது. அப்புச்சி அதைப் பார்த்தார், மோந்தார், தின்றார்.

"கடலைவாசம் வருதுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா தயிருதானுங்க. எப்படி ஒறையுது?"

"மொளகாக் காம்பு போடறனுங்க. மூணு வருசமா இதான் எங்கூட்ல. பால் சம்பந்தமே இல்லீங்க" என்றார் மேஸ்திரி. அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பின்னால் கதவு ஓரமாக நின்ற அவர் சம்சாரம் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

அப்புச்சி யோசித்தார். அவர் எதற்கும் ஒரு பந்தயம் வைக்கிற ஆள், உங்களுக்கே தெரியும். "சரிங்க. பந்தியில உங்க தயிர் இதேமாதிரி எலையில நின்னா, எங்கூட்டுத் தயிர்ப்பானை வெளிய வராது. எலையில ஓடுச்சுன்னா எங்க பானை வரும். அப்ப நீங்களும் மாப்ளயும் ஒரு பேச்சுப் பேசக்கூடாது. பேசுனா, தாலி கட்டியிருந்தாலுஞ் சரி, பொண்ணு எங்கூட்லயே இருக்கும்" என்றார்.

"எலையில நின்னுபோச்சுன்னா?" என்று மேஸ்திரி கேட்டார். "உங்க தொழுவத்துல வைக்கோல் கன்னு இருக்குதுங்களா?"

அப்புச்சி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒண்ணு இருக்குதுங்க."

"நின்னுபோச்சுன்னா அதைக் குடுத்தரோணுமுங்க."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பெண்ணுக்கு நூல் சேலை என்றும் முடிவானது. என் கல்யாணம் இப்படி ஒரு சட்டித் தயிரின் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் நாள் முழுக்கக் கடைசல் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு, உறைய வேண்டும் சாமி, உறைய வேண்டும் என்றே வேண்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே மேஸ்திரி சம்சாரத்தோடு பெண் வீட்டுக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஐந்து பெண்கள் உட்கார்ந்து கடலை அரைத்தார்கள். பன்னிரண்டு பானை பால். அத்தனையிலும் அவரே தம் கையால் மிளகாய்க் காம்பு போட்டார். யாராவது மோசம் செய்துவிடக் கூடாது என்று, பானைகள் வைத்த அறை வாசலில் கட்டிலைக் குறுக்கே போட்டு அதிலேயே படுத்துக்கொண்டார். அவர் சம்சாரம் மூன்று தடவை வந்து, "நான் பாத்துக்கறனுங்க, நீங்க போய்ப் படுங்க" என்றாராம். "நீ போ அம்மணி. இது வெளையாட்டில்லை" என்று அனுப்பிவிட்டாராம். இதைப் பிற்பாடு உங்கள் அம்மா எனக்குச் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் தாலி கட்டியாயிற்று. பாலும் பழமும் கொடுக்க வேண்டிய இடத்தில் பழம் மட்டும் கொடுத்தார்கள். கோபி வாழைப்பழம், அதில் ஒரு குறையும் இல்லை. நோட்டீசைப் பார்த்துவிட்டு வந்த கூட்டமே ஒரு சந்தை அளவு இருந்தது. எங்களை முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார்கள். பருப்பு, ரசம் எல்லாம் முடிந்தது. மேஸ்திரி தோளில் துண்டோடு முதல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உங்கள் அம்மாவின் பெரிய மாமன் இலையில் முதல் கரண்டி.

அது நிற்கவில்லை. இலையின் நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடி, மாமன் மடியில் இறங்கியது.

இரண்டாவது பானையைத் திறந்தார். அதுவும் ஓடியது. மூன்றாவதும். "மேஸ்திரி, உங்க தயிரு பவானி ஆத்துக்கு வழி கேக்குதுங்க" என்று யாரோ சொன்னார்கள். "சும்மா இருங்கப்பா, ராத்திரி பூராப் பானையில ஒக்காந்த அலுப்பு, ஓடிப் பாக்குது" என்றார் இன்னொருவர். பந்தி முழுக்கச் சிரிப்பு. உங்கள் அப்புச்சி மட்டும் சமையல்கட்டு வாசலில் கைகட்டி நின்றார். வெற்றி பெற்றவர் முகமாக இல்லை அது. பெண்ணின் பந்தியில் இப்படி ஆகிவிட்டதே என்றுதான் பார்த்தார். மேஸ்திரி வாயைத் திறந்து பாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் போதும், உங்கள் அம்மா பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுவாள்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். காம்பு பழசு என்றார். பானை புதுசு என்றார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் சம்சாரத்தைப் பார்த்து, "நீ கடலையைச் சரியா அரைக்கலை" என்றார்.

அந்த அம்மாள் பரிமாறிக்கொண்டிருந்த உப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அரைச்சதெல்லாஞ் சரிதானுங்க. மோர் ஊத்தலீங்க. அதானுங்க."

"என்ன மோரு?"

"எருமை மோருங்க. மாப்ள ஊட்டு மோருங்க. தெனமும் நீங்க காம்பு போட்டுட்டுப் போன பொறகு ஒரு கரண்டி ஊத்துவனுங்க. இல்லாட்டி ஒறையாதுங்க. நேத்து நீங்கதான் கட்டலைக் குறுக்க போட்டுட்டீங்களே."

நான் என் தாயாரைப் பார்த்தேன். அவர் இலையில் இருந்த ஊறுகாயை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருசமாவா?" என்றார் மேஸ்திரி.

"ஆமாங்க."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே. அத்தனை சந்தோசமாச் சாப்புட்டீங்க."

மேஸ்திரி கரண்டியைப் பானையில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். போய்விட்டார், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். பந்தலின் ஓரத்தில் கிடந்த உரல் மேல் ஏறி நின்றார். சந்தையில் நிற்பது போலவே நின்றார், ஆனால் குரல் வேறாக இருந்தது.

"ஏனுங்க, எல்லாருங் கேளுங்க. மூணு வருசமா ஊரூராப் போயி, கடலைத் தயிர் தானா ஒறையுதுன்னு சொல்லியிருக்கறனுங்க. அது பொய்யிங்க. தெரியாமச் சொன்னேன், ஆனாப் பொய்தானுங்க. என்னை நம்பி ஊட்ல செஞ்சு பாத்து, ஒறையாமக் கொட்டுனவங்க இருந்தா மன்னிச்சுக்கோணும். அரைச்சதைக் கொறை சொன்னதும் தப்புங்க." சம்சாரம் இருந்த பக்கம் பார்த்தார். "நல்லாத்தான் அரைச்சிருக்குது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன் பல் ஒன்று இல்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. மாமன் தம் வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரித்தார்.

மகனே, கிறுக்கன் உரல் மேல் ஏறி இதைச் சொல்வானா? மகளே, மகான் முதலில் பெண்டாட்டி மேல் பழியைப் போடுவாரா? அந்தப் பத்து நிமிஷத்துக்குள் இரண்டையும் அவர் செய்தார். நானும் நடந்தபடியே எழுதிவிட்டேன். அவர் அடித்த நோட்டீசுக்கு இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. அந்த உரலை நினைத்தால் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது.

அப்புச்சி கண்ணைக் காட்டினார். எருமைத் தயிர்ப்பானைகள் வந்தன. மேஸ்திரி ஒரு பேச்சும் பேசாமல், ரசச்சோற்றோடு எழுந்து கை கழுவினார். எனக்கு ஊற்ற வந்தபோது இலையின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

"நீங்க ஊத்திக்கலீங்களா?" என்று உங்கள் அம்மா குனிந்தபடியே கேட்டாள். தாலி கட்டிய பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"வாக்குக் குடுத்துட்டேன்."

"நான் குடுக்கலீங்களே" என்றாள். இரண்டு தடவை ஊற்றிக்கொண்டாள். சாயம் போகாத மஞ்சள் கையோடு அவள் அந்தத் தயிர்ச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டதை ஒரு படமாக எடுத்து மாட்டிவைக்கலாம்.

சாயங்காலம் மேஸ்திரி வண்டி ஏறும் நேரத்தில் உங்கள் அப்புச்சி தொழுவத்துக்குள் போய், வைக்கோல் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார். மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பந்தயத்துல நீங்கதானுங்களே கெலிச்சீங்க?"

"அதனாலதானுங்க. தோத்திருந்தா, நீங்க செய்ய வச்சதாப் போயிருக்கும்" என்றார் அப்புச்சி. "இனி எங்க எருமை பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தின்னுட்டு எறக்குற வரைக்கும் எறக்கட்டும். எடுத்துட்டுப் போங்க. வழியில சோளக்காட்டுக்காரன் யாராச்சும் பாத்தா மேய வந்த கன்னுன்னு பயந்துபோவான், மேல துண்டைப் போட்டுக்குங்க."

மேஸ்திரியின் சம்சாரம் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினார். வண்டி கிளம்பியது. வீட்டார் எல்லாரும் வழியனுப்ப ரோடு வரைக்கும் போனார்கள். தெரு திரும்புகிற வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான் போகவில்லை. மஞ்சள் நோட்டீசில் என் பேரில் போட்டிருந்த ஒரு வாக்கு இன்னும் பாக்கி இருந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் வந்தேன். கடலைத் தயிர்ப் பானைகள் ஒன்பது திறக்காமலே இருந்தன. காளைகளுக்கு ஊற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். ஒரு பித்தளை டம்ளரை எடுத்து, ஒரு பானையைத் திறந்து மோந்தேன். மேலே இரண்டு மிளகாய்க் காம்பு மிதந்தன. எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கி, நின்றபடியே குடித்தேன். பச்சைக் கடலைவாசம். தொண்டையில் லேசாகக் காரம். டம்ளரைக் கழுவி, திண்டில் கவிழ்த்துவைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினேன்.